சான்சிபாருக்கு வர இருந்தவள்

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போடும் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் கிடைத்தது. ஆப்பிரிக்கா போகிறவர்கள் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன அட்டை வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் திரும்பி வரும்போது விமான நிலையத்தில் பிடித்து உட்காரவைத்துவிடுவார்களாம். என் தம்பி இளஞ்செழியனுக்குக் கானாவில் எலெக்ட்ரிகல் வேலை கிடைத்திருந்தது. ஊசி என்றால் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். முப்பது தாண்டியவனுக்குத் துணையாகப் போயிருந்தேன்.

வரிசையில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள். கப்பலில் ஏறுகிறவர்கள், போர்வெல் போடுகிறவர்கள். ஒரே ஒரு ஜோடி மட்டும் சுற்றிப்பார்க்கப் போவதாகச் சொன்னது. புருஷன் கையில் ஃபைலோடு ஜன்னல் ஓரம் நின்றிருந்தார். மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், உட்கார்ந்ததும் எழுந்துவிட்டாள்.

"அக்கா, நீங்க கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து உக்காருறீங்களா? எனக்கு இடது காது கேக்காது."

(முதல் வரைவில் இந்த வரியை நான் எழுதவில்லை. கதைக்கு வேண்டாத விவரம் என்று விட்டிருந்தேன். ஆறாவது பகுதிக்கு வந்தபிறகு திரும்பி வந்து சேர்த்தேன்.)

என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டாள். பிரெஞ்சுக்காரன் காலத்துச் சொத்துப் பத்திரங்களைத் தமிழில் பெயர்த்துக் கொடுப்பேன், மிச்ச நேரத்தில் கதை எழுதுவேன் என்றேன்.

"பேய்க் கதையா?"

"இல்லம்மா. சாதாரணக் கதைதான்."

"எங்கிட்ட ஒண்ணு இருக்கு. பேய்க் கதையான்னு தெரியல. கேட்டுட்டு நீங்கதான் சொல்லணும். பேர மட்டும் மாத்திடுங்க."

மாற்றியிருக்கிறேன். அவளைச் சுமலதா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று நாலு தடவை தொடங்கினேன்.

'செரங்கெட்டிப் புல்வெளியில் பொழுது இறங்கிக்கொண்டிருந்தபோது சுமலதா ஜீப்பிலிருந்து

இந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டேன். சுமலதா செரங்கெட்டியைப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. பார்க்காத இரண்டு பேர் சேர்ந்து ஒரு அந்தியை உண்டாக்குவது மோசடி.

'செத்துப்போனவர்களின் கைபேசி எண்கள் எங்கே போகின்றன?'

கட்டுரைபோல இருக்கிறது. ஆனால் கேள்வி சரியானது. பதிலும் தெரியும். இந்தக் கதையில் அந்த எண் இரண்டாம் தாரத்திடம் போனது. அங்கிருந்தே சொல்கிறேன்.

நாகராஜுக்குத் தேங்காய்த்திட்டில் விசைப்படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கும் பட்டறை. முதல் மனைவி ஜெயசித்ரா வீராம்பட்டினத்துப் பெண், மீன்பிடிக் குடும்பம். பட்டறைக்கு வரும் போன், கேஸ் சிலிண்டர் பதிவு, பேங்க், சீட்டு, கரண்டு பில் எல்லாம் அவள் எண்ணில்தான். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலை, பெரிய மார்க்கெட்டில் பூ வாங்கிக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்று பூக்காரி பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. சாயங்காலத்துக்குள் போய்விட்டாள். குழந்தைகள் இல்லை.

சுமலதா பாகூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை. காதைக் காரணம் சொல்லித் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், போன வருஷம்தான் நாகராஜோடு கல்யாணம் ஆனது. கல்யாணமான மறுவாரம் அவர் ஒரு சிம் கார்டை எடுத்துக் கொடுத்தார்.

"எல்லா எடத்துலயும் இந்த நம்பர்தான் குடுத்திருக்கு. மாத்தணும்னா அலையணும். நீயே வச்சிக்க."

வைத்துக்கொண்டாள். கொஞ்ச நாள் ஜெயசித்ராவைக் கேட்டுப் போன் வரும். சேலைக்கடை, தையல்காரி, பியூட்டி பார்லர். "அவங்க இல்லைங்க" என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. இல்லை என்ற சொல்லுக்கு எத்தனையோ அர்த்தம் இருக்கிறதே.

3

பொங்கல் கழிந்த ஒரு மத்தியானம், கடையில் சாப்பாட்டு நேரத்தில், வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. மண் நிறத்தில் ஒரு ஆறு, அதில் யானைக் கூட்டம். அடியில் எழுதியிருந்தது:

'ஜெயா அக்கா, எப்படி இருக்கிறீர்கள்? மழை நின்றுவிட்டது. யானைகள் ஆற்றுக்குத் திரும்பிவிட்டன. இந்த வருடமாவது வருகிறீர்களா? பராக்கா.'

பராக்கா தான்சானியாவில் அருஷா என்ற ஊரில் சஃபாரி ஜீப் ஓட்டுகிறவர். சுற்றுலாப் பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துப்போய்க் காட்டிவிட்டு, கடற்கரையில் கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்றால் சான்சிபார் தீவுக்கும் ஏற்பாடு செய்து கொடுப்பார். ஜெயசித்ரா அவருடைய வீடியோக்களை எப்படியோ பிடித்து, அவரிடம் பேசி, ஒரு பயணத்துக்குத் திட்டம் போட்டிருக்கிறாள். அது நாகராஜுக்கே தெரியாது.

[பராக்கா எழுதியது ஆங்கிலத்தில். அவருக்கும் அது சொந்த மொழி இல்லை, சுமலதாவுக்கும் இல்லை. நான் அதை எந்தத் தமிழில் எழுதுவது? அவருக்குத் தேங்காய்த்திட்டுத் தமிழைக் கொடுத்துப் பார்த்தேன். பக்கத்துப் பட்டறை ஆள் ஆகிவிட்டார். எழுத்துத் தமிழில் விட்டதும் தூரம் வந்தது. தூரம் இருக்கட்டும்.]

சுமலதா முதலில் 'ஜெயா இறந்துவிட்டார்' என்று ஆங்கிலத்தில் அடித்தாள்.

"அடிச்சிட்டு அழிச்சிட்டேன்க்கா. அந்த ஆளு யானை படம் அனுப்பியிருக்காரு. ஆசையா வருவியான்னு கேக்கறாரு. அதுக்கு சாவுச் சேதி அனுப்பறதான்னு இருந்துச்சி."

"அப்புறம்?"

"வரலாம்னு இருக்கோம்னு போட்டேன்."

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்ததை ஒளிக்கவில்லை. புத்தியுள்ள ஒரு பெண் இன்னொருத்தி பேரில் பதில் எழுதுவாளா? பொறாமை என்று ஒரு காரணம் எழுதிப் பார்த்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை, ஆகவே எடுத்துவிட்டேன். அவள் சொன்னது இதுதான்:

"அந்த வூட்ல கரண்டியிலேர்ந்து எல்லாம் அவங்க வச்ச எடத்துலதான் இருக்கும். நான் எதையும் மாத்துனதில்ல. இது ஒண்ணாவது நானா ஏற்பாடு பண்ணுனதா இருக்கட்டும்னு நெனச்சேன். ஆனா அதுவும் அவங்களுதுதான், இல்லியா?"

4

நாகராஜிடம் பராக்காவை யூடியூபில் பார்த்துப் பிடித்த ஆள் என்று சொன்னாள்.

"நான் பொறந்ததுலேர்ந்து கடலு நாத்தத்துலதான் நிக்கறேன்," என்றார் அவர். "பிளேன் ஏறிப் போயி இன்னொரு கடலப் பாக்கணுமா?"

"மொதல்ல காடு. அப்புறந்தான் கடலு."

"காட்டுல என்னா இருக்கு?"

அன்று சாயங்காலம் வீடியோவைப் போட்டுக் காட்டினாள். சிங்கத்தை அவர் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. ஜீப்பைத்தான் பார்த்தார். நிறுத்தச் சொல்லி, திரும்பப் போடச் சொல்லி, "ரெண்டு டேங்கு வச்சிருக்கான் பாரு. ஏர் ஃபில்டர மேல தூக்கிட்டான். ஆத்துல எறக்குனாலும் நிக்காது" என்றார். அதற்குப் பிறகு பட்டறையிலிருந்து வந்ததும் அவரே கேட்க ஆரம்பித்தார்: இன்றைக்கு உன் பராக்கா என்ன சொன்னான்? நேரு வீதியில் ஒரு பைனாகுலர் வாங்கிவந்து, மாடியில் ஏறி, துறைமுகத்துக்குள் வரும் படகுகளைப் பார்த்து யாருடைய படகு என்று பேர் சொன்னார். சுமலதா பக்கத்தில் நின்று வாங்கிப் பார்த்தாள். கல்யாணமாகி அதுவரை இரண்டு பேரும் தண்ணீர் வேண்டுமா, சாப்பாடு போடட்டுமா என்பதைத் தாண்டி நிறையப் பேசினதில்லையாம்.

தாரங்கிரே காட்டில் கூடாரம். பிறகு செரங்கெட்டி. பிறகு சின்ன விமானத்தில் சான்சிபார். கடலைப் பார்த்த அறை, அலை காலைத் தொடுகிற தூரத்தில் நாற்காலி. பராக்கா ஒவ்வொன்றாக எழுத, அவள் ஒவ்வொன்றாக நாகராஜிடம் சொல்வாள். கூடாரத்துக்குள் சிங்கம் வருமா என்று அவர் கேட்கச் சொன்னார். வெளியே மூச்சு விடும் சத்தம் கேட்கும், உள்ளே வராது என்று பதில் வந்தது.

நான் பத்திரங்களைப் பெயர்க்கிறவள் என்று சொன்னேன் அல்லவா. அதில் ஒரு சங்கடம் உண்டு. 'இன்னார் மகனான நான், இந்த வீட்டை, என் முழு மனதுடன்' என்று பத்திரத்தில் பேசுகிற ஆள் நூறு வருஷத்துக்கு முன் செத்திருப்பார். அந்த 'நான்' என்பதை நான் என் கையால் எழுத வேண்டும். நாலைந்து பக்கம் போனதும் வீட்டை விற்பது யார் என்று கொஞ்சம் கலங்கிப்போகும். சுமலதா தினமும் ஜெயசித்ராவாக எழுதிக்கொண்டிருந்தாள் என்று கேட்டபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

5

ஜீப்பில் யார் எங்கே உட்காருவது என்ற பேச்சு வந்தது. பராக்கா ஓட்டிக்கொண்டே விளக்கம் சொல்வார். அது காதில் விழ வேண்டும். சுமலதா எழுதினாள்: 'எனக்கு இடது காது கேட்காது. நீங்கள் என் வலப்பக்கம் இருக்கும்படி இடம் கொடுங்கள்.'

உடனே பதில் வந்தது.

'தெரியும் அக்கா. மூன்று வருடத்துக்கு முன்பே சொன்னீர்கள். இடப்பக்க இருக்கையை உங்களுக்கென்று வைத்திருக்கிறேன்.'

அவள் கடையில் பில் போடும் மிஷின் முன்னால் நின்றிருந்தாள். அடுத்த ஆள் துணியை நீட்டிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நாகராஜிடம் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள்: "அக்காவுக்குக் காது நல்லா கேக்குமா?"

"அவளுக்கா? தெருக்கோடில மீன்காரம்மா கூவுனா எந்திரிச்சிப் போவா. ஏன்?"

"சும்மாதான்."

6

பராக்கா நல்ல வியாபாரி. எதைச் சொன்னாலும் 'தெரியும்' என்று சொல்லிப் பழகியவர். என் மனத்தில் முதலில் வந்தது இதுதான். உங்களுக்கும் வந்திருக்கும். வேறு யாரோ காது கேட்காத பயணியோடு குழப்பிக்கொண்டிருப்பார் என்றும் நினைத்தேன். பழைய செய்திகளைப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்பீர்கள். நானும் கேட்டேன். ஜெயசித்ராவின் கைபேசியை அவள் தம்பி எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டான். பராக்காவின் பழைய கைபேசி ஒரு ஆற்றைக் கடக்கும்போது தண்ணீரில் போய்விட்டது. எண்கள் மட்டும் மிஞ்சின. மீதியெல்லாம் அவர் ஞாபகத்தில் இருப்பதுதான்.

சுமலதா அவரைச் சோதித்துப் பார்க்க நினைத்தாள். 'வேறு என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன்? எனக்கு மறந்துவிட்டது' என்று எழுதினாள்.

'சிங்கம் மானைப் பிடித்தால் வண்டியைத் திருப்பச் சொன்னீர்கள். கூடாரத்தில் பல்லி இருக்கக் கூடாது என்றீர்கள். சான்சிபாரில் நீந்த மாட்டேன், கால் மட்டும் நனைப்பேன் என்றீர்கள்.'

மூன்றும் சுமலதாவுக்குச் சரி. ஜெயசித்ரா வீராம்பட்டினத்துப் பெண். மீனைப் போல நீந்துவாளாம்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்தது.

'கேட்க மறந்தேன். குழந்தை எப்படி இருக்கிறது? இப்போது ஓடியாடுமே. சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டில் கட்டணம் கிடையாது, அழைத்து வாருங்கள். குழந்தை உண்டாகியிருக்கிறது, அதனால்தான் இந்த முறை வர முடியவில்லை என்று நீங்கள் எழுதியபோது என் மனைவி உங்களுக்காகப் பிரார்த்தனை செய்தாள்.'

பெஞ்சில் இதைச் சொல்லும்போது சுமலதா தன் குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தினால் அவளுக்கே கேட்காது போலிருக்கிறது. என்னைப் பார்த்துத் தெளிவாகக் கேட்டாள்:

"காது என்னுதுன்னா, அப்ப அந்தக் கொழந்தையும் என்னுதாக்கா?"

7

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாகராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சுமலதா எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, அக்கா உண்டாயிருந்தாங்களா?"

அவர் கை தட்டிலேயே நின்றது.

"யாரு சொன்னா?"

"இருந்தாங்களான்னு கேக்கறேன்."

"ஆஸ்பத்திரில டாக்டரம்மா என்ன மட்டும் தனியா கூப்புட்டு சொன்னாங்க. ரெண்டு மாசமாம்." சோற்றைப் பிசையாமல் ஒதுக்கினார். "நான் அவங்க அம்மாகிட்டகூட சொல்லல. ஒண்ணுக்கே எல்லாரும் அப்படி அழுவறாங்க. இன்னொண்ணு எங்கூடவே இருந்துட்டுப் போவட்டும்னு வச்சிகிட்டேன். உனக்கு யாரு சொன்னா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். யானைப் படத்திலிருந்து தொடங்கி, ஒன்றையும் விடாமல். அவர் எழுந்து கை கழுவிவிட்டு வந்து நின்றார்.

"அப்ப அவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சிருக்கு."

"எங்கிட்ட சொல்லல. எங்கயோ ஜீப்பு ஓட்றவன்கிட்ட சொல்லியிருக்கா."

"உங்ககிட்ட நாள் பாத்து சொல்லலாம்னு இருந்திருப்பாங்க. அந்த ஆளுகிட்ட சொல்லாம இருக்க முடியாதே, வரேன்னு சொல்லியிருந்தாங்களே."

அவருக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. "அவன் உன்ன என்னான்னு கூப்புடுறான்?"

"ஜெயான்னு."

"நீயும் ஆமான்ன."

சுமலதா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"போனப் போடு. மூஞ்சி தெரியற மாதிரி போடு."

8

(இங்கே 'அவள்' என்று எழுதினால் யார் என்று குழப்பம் வருகிறது. வரைவில் இரண்டு இடத்தில் நானே ஜெயசித்ரா என்று எழுத வேண்டிய இடத்தில் சுமலதா என்று எழுதியிருந்தேன். ஆகவே இந்தப் பகுதியில் முழுப் பெயரையே போடுகிறேன்.)

பராக்கா ஜீப்பின் மேல் சாய்ந்து நின்றிருந்தார். பின்னால் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். திரையில் சுமலதாவைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

'ஜெயா அக்கா, அப்படியே இருக்கிறீர்கள். கொஞ்சம் இளைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.'

நாகராஜ் கைபேசியை வாங்கினார். கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த ஜெயசித்ராவின் படத்துக்கு நேரே பிடித்தார். தனக்குத் தெரிந்த துறைமுகத்து ஆங்கிலத்தில், இதுதான் ஜெயசித்ரா, என் மனைவி, செத்து மூன்று வருஷம் ஆகிறது என்றார்.

பராக்கா தொப்பியைக் கழற்றினார்.

"போலே," என்றார். "போலே. போலே சானா."

நாகராஜுக்கு அது தமிழாகக் கேட்டது. அவரும் தமிழிலேயே கேட்டார்: "யாரு போலே?"*

பராக்கா படத்தைக் கிட்டத்தில் காட்டச் சொன்னார். நெடுநேரம் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்:

'மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணா. இந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒருமுறை இப்படி முகம் பார்த்துப் பேசினோம். நான் பேசியது உங்கள் பக்கத்தில் நிற்கிற இவரோடுதான். இவருக்குப் பின்னால் பச்சையாக ஒரு வயல் இருந்தது. என்ன பயிர் என்று கேட்டேன். நெல் என்றார்.'

தேங்காய்த்திட்டில் ஏது வயல். சுமலதாவின் வீடு பாகூரில், வாசலில் இறங்கினால் நெல்தான். மூன்று வருஷத்துக்கு முன் சுமலதா அங்கேதான் இருந்தாள். ஆனால் அந்த எண் சுமலதாவிடம் இல்லை, அப்படி ஒரு எண் இருப்பதே சுமலதாவுக்குத் தெரியாது.

ஜெயசித்ரா எப்போதாவது பாகூர்ப் பக்கம் போனதுண்டா என்று பிறகு சுமலதா நாகராஜைக் கேட்டாளாம். ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள் என்றார். எனக்கு அது போதும். ஜெயசித்ரா வயல் வரப்பில் நின்று வீடியோவில் பேசியிருப்பாள், பராக்கா முகத்தை மறந்துவிட்டு வயலை ஞாபகம் வைத்திருப்பார். ஆனால் அந்தக் கல்யாணத்தில் மணப்பெண்ணுக்குத் தோழியாக நின்றது யார் தெரியுமா என்று சுமலதா என்னிடம் கேட்டாள். நான் கேட்க விரும்பவில்லை. சுமலதாவே சொன்னாள். சுமலதாதான்.

---
*பராக்கா பேசும் ஸ்வாஹிலி மொழியில் 'போலே' என்பது வருத்தம் தெரிவிக்கிற சொல்லாம். சாவு வீட்டிலும் சொல்வார்கள், கால் தடுக்கி விழுந்தவரிடமும் சொல்வார்கள். இதை நான் பிறகு தேடித் தெரிந்துகொண்டேன். நாகராஜுக்கு இன்னும் தெரியாது.

9

நாகராஜ் கொஞ்ச நாள் வீட்டில் பேசவில்லை. பட்டறைக்குப் போனார், வந்தார். பயணம் போச்சு என்று சுமலதா நினைத்துக்கொண்டாள். ஒரு நாள் காலை, சட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"போவோம்."

"எங்க?"

"அங்கதான். அந்தப் புள்ள இருந்துச்சின்னு தெரிஞ்சவன் நானும் அவனுந்தான். நேர்ல பாத்துக் கேக்கணும், அவ எப்படி சொன்னா, சந்தோஷமா சொன்னாளா, பயந்து சொன்னாளான்னு. போன்ல கேக்கற விஷயமில்ல இது."

அப்படித்தான் அவர்கள் கோரிமேட்டுக்கு வந்தார்கள்.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுச் சுமலதா ஜன்னல் பக்கம் பார்த்தாள். நாகராஜ் ஃபைலைப் பிரித்துப் பாஸ்போர்ட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தள்ளிப் போயிருக்குக்கா. அவருக்கு இன்னும் சொல்லல."

"டெஸ்ட் எடுத்துப் பாத்தியாம்மா?"

"மருந்துக்கடை வரைக்கும் போயிட்டு வந்துட்டேன்." விரல்களைக் கோத்துக்கொண்டாள். "ஆமான்னு வந்துச்சின்னா, இந்த ஊசி போட மாட்டாங்க. கொழந்த உண்டாயிருக்கு, அதனால வர முடியலன்னு நான் பராக்காவுக்கு எழுதணும். அது நான் ஏற்கெனவே எழுதுனது. எழுதுனதுக்கு அப்புறம் என்னா ஆச்சின்னு உங்களுக்கே தெரியும்."

இந்த இடத்தில் ஒரு ஆறுதல் வாக்கியம் எழுதினால் கதை கொஞ்சம் வெளிச்சமாகும் என்று

கூடாது.

நர்ஸ் வெளியே வந்தார். நடுத்தர வயது, பொறுமையான குரல். சுமலதாவின் இடப்பக்கம் நின்று கேட்டார். சுமலதா அசையவில்லை. நர்ஸ் மறுபடி கேட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுமலதா நர்ஸின் வாயசைவைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"என்னா கேக்கறாங்க?"

அந்தக் கேள்வியை நான்தான் அவளிடம் சொல்ல வேண்டியதாயிற்று. "உண்டாயிருக்கியான்னு கேக்கறாங்கம்மா."

"தெரியல," என்றாள். கூடம் முழுவதும் கேட்டது.

நாகராஜ் ஜன்னலைவிட்டு வந்தார்.

"தெரியலன்னா?"

அவள் தலை நிமிரவில்லை. நர்ஸ்தான் சொன்னார்: "டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு அடுத்த வாரம் வாங்க சார். உண்டாயிருந்தா பொதுவா இந்த ஊசி போடறதில்ல. டாக்டர்கிட்ட பேசிக்கலாம். ஒண்ணும் அவசரமில்ல."

நாகராஜின் முகத்தைப் பற்றி வரைவில் நாலு வரி எழுதியிருந்தேன்; பொய்யாக இருந்ததால் எடுத்துவிட்டேன். அவர் செய்ததை மட்டும் சொல்கிறேன். சுமலதாவின் தோளிலிருந்த கைப்பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டார். பிறகு அவளுடைய வலப்பக்கமாக வந்து குனிந்து, "எந்திரி, போலாம்" என்றார். படி இறங்கும்வரை அவள் முழங்கையை விடவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் போகாமல் எதிரில் இருந்த மருந்துக்கடை பக்கம் போனார்கள்.

உள்ளே இளஞ்செழியன் ஊசி போட்டுக்கொண்டு மயங்கி விழுந்திருந்தான். நான் அவனைப் பார்க்கப் போய்விட்டேன்.

10

ஒரு முடிவு எழுதினேன். டெஸ்டில் ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் போகிறார்கள். தாரங்கிரேயில் பராக்கா எதிர்கொண்டு வந்து நாகராஜின் கையைப் பிடித்துக்கொள்கிறார். இரவு கூடாரத்துக்கு வெளியே ஏதோ ஒன்று மூச்சு விடுகிறது, சுமலதாவுக்கு அது இடது காதில் கேட்

இதை முடிக்கவில்லை.

இன்னொரு முடிவில் டெஸ்டில் ஆமாம் என்று வருகிறது. பயணம் நின்றுபோகிறது. சுமலதா பராக்காவுக்கு எழுத உட்காருகிறாள். நாகராஜ் கைபேசியை வாங்கி, நீ எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தன் எண்ணிலிருந்து, தன் பேரில் எழுதுகிறார். இது எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது, அதனால் நம்பவில்லை.

மூன்றாவதாக ஒன்றும் எழுதினேன். அதில் பெரிய மார்க்கெட்டில் பூ வாங்கும் இடம் வருகிறது. அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

நேற்று சாயங்காலம் சுமலதா கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் என் எண்ணை வாங்கிவைத்திருந்தாள்.

"எழுதிட்டீங்களா, அக்கா?"

"முடிவு மட்டும் பாக்கி."

"பராக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டோம். என் பேரு சுமலதா, நான் ரெண்டாவதா வந்தவன்னு. பாவம், ரொம்பக் கொழம்பிப் போயிட்டாரு. ஆனா கோவப்படல."

"நல்லதும்மா. டெஸ்ட்டு..."

"அதச் சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. ஊசி போடாம திரும்பி வந்துட்டோம்னு சொன்னேன். தெரியும்னாரு. பக்கத்துல ஒரு அம்மா உக்காந்திருந்தாங்களாமே, பழைய பத்திரமெல்லாம் எழுதறவங்க. நர்ஸு கேட்டது எனக்கு விழல, அவங்கதான் திருப்பிச் சொன்னாங்களாமே. இதையும் நான் மூணு வருஷம் முன்னாடியே சொல்லிட்டேனாம்."

"நீதாம்மா இப்பப் பேசும்போது சொல்லியிருப்ப."

"உங்களப் பத்தி அவருகிட்ட நான் ஒரு வார்த்த பேசல. எங்க வூட்டுக்காரரும் பேசல, கேட்டுட்டேன்."

தெருவில் பால்காரர் பெல் அடித்துக்கொண்டு போனார்.

"நீங்க கதைய எழுதி முடிச்சதும் எனக்குக் குடுத்தீங்களாம். நான் அத அவருக்குப் படிச்சுக் காட்டுனேனாம். கடைசில என்னா வருதுன்னு அவருக்குத் தெரியுமாம்." அவள் குரல் பயந்த குரலாகவும் இல்லை, மகிழ்ந்த குரலாகவும் இல்லை. "டெஸ்ட்டு ரிசல்ட்ட நான் சொல்லலாம். ஆனா அது பாதிதானே. அதுக்கப்புறம் என்னா ஆவும்ன்ற மீதிய அவருகிட்ட கேக்கட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படிச் சொன்னதாகவும் அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று நிறுத்திவிட்டேன். கேள் என்றும் சொல்லவில்லை. நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். அந்த நாளை இன்றுதான்.

என்னைப் பற்றிப் பராக்காவுக்குத் தெரிந்துவிட்டது. நாகராஜைப் பற்றியும் சுமலதாவைப் பற்றியும் தெரியும். இதைப் படித்துக்கொண்டிருக்கிற உங்களைப் பற்றி மட்டும் யாரும் அவரிடம் சொல்லியிருக்க முடியாது என்று நினைக்கிறேன். அதனால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவளைக் கேட்கச் சொல்லட்டுமா?